புதுப்பிப்பு: தொடர்பியல் மைனர், ஒரு செமஸ்டர் கழித்து

கணினிப் பொறியியல் படிக்கிறவன் தொடர்பியலை மைனராக (துணைப் பாடமாக) எடுக்கலாமா என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "எடு" என்றீர்கள், மீதிப் பேர் "ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) போயிடும்" என்று பயமுறுத்தினீர்கள். எடுத்துவிட்டேன். (தாத்தா தினமும் "மைனர் வந்தாச்சா?" என்று கேட்கிறார்.)

சுலபம் என்று சொன்னவர்களை நம்பாதீர்கள். வாசிக்க வேண்டியது மலைபோல் குவிகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுப் பயிற்சிக்காகச் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடை அண்ணன் ஒருவரைப் பேட்டி எடுத்தேன். பின்னணியில் கத்தி டொக் டொக் என்று விழுந்துகொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதை அழித்தேன். ஆசிரியர் இரண்டு பதிவுகளையும் கேட்டுவிட்டு, "கத்தியை வை, உன் கேள்விகளை வெட்டு" என்றார். சரிதான். கத்திச் சத்தம் போனதும் அண்ணன் வங்கி அதிகாரி மாதிரி ஆகிவிட்டிருந்தார்.

"பேசுறதுக்கு ஒரு படிப்பா?" என்ற அம்மாவிடம், 1985 முதல் 1993 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த வீ கிம் வீ முன்பு பத்திரிகையாளர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் பள்ளிக்கே அவர் பெயர்தான் என்றேன்.

"சரி, அப்புறம் அந்த லேப் ரிப்போர்ட்?" என்றார்.