கடைக் கதவில் துப்பாக்கித் தடை ஸ்டிக்கர்: லைசென்ஸ் வைத்திருப்பவன் மதிக்கணுமா?

கேட்டி_மணி

ஹூஸ்டன் பக்கம் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் நம்ம ஊர்க் கடையில் போன வாரம் புதுசாக ஒரு ஸ்டிக்கர். சிவப்பு வட்டம், உள்ளே கைத்துப்பாக்கிப் படம், குறுக்கே ஒரு கோடு. உள்ளங்கை அகலம்கூட இல்லை. "பொன்னி அரிசி வந்துவிட்டது" தாளுக்கும் பரதநாட்டிய வகுப்பு நோட்டீசுக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறார்கள்.

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல நான் 2017-லிருந்து டெக்சஸ் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். விரல் ரேகை கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்து, 50 ரவுண்டு சுட்டுக் காட்டி வாங்கியது. அதற்கு முந்தின வருஷம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் என் காதோரம் துப்பாக்கியை வைத்து பர்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனான். அந்த இரும்பின் சில்லிப்பு இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து வெளியே கிளம்பினால் இடுப்பில் இருக்கும், சட்டைக்கு உள்ளே. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த ஸ்டிக்கர் டெக்சஸ் சட்டப்படி என்னைக் கட்டுப்படுத்தாது. யார் கண்ணிலும் படாத பொருள். இதை நான் மதிக்கணுமா, இல்லை பார்க்காத மாதிரி கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வரலாமா?

சர்க்கரைப்பொங்கல்

பார்த்தீங்க, புரிஞ்சுது. அப்புறம் என்ன கேள்வி? ஒருத்தர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் "எந்தச் சட்டத்தில் இருக்கு"ன்னா கேட்போம்?

கேட்டி_மணி

செருப்பைக் கழற்றினால் கால் குளிரும், அவ்வளவுதான். இது அப்படி இல்லையே. அதுவும் போக, அது வீடு இல்லை சார், கடை. தெருவில் போகிற எல்லாரையும் வா வா என்று கூப்பிடுகிற இடம்.

சட்டப்புத்தகம்

மணி சொல்லும் சட்டக் கணக்கு சரி. தெரியாதவர்களுக்காக: டெக்சஸ் குற்றவியல் சட்டத்தில் 30.06 என்று ஒரு பிரிவு. லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வரும் கைத்துப்பாக்கிக்குத் தடை போட வேண்டுமானால், சட்டத்தில் எழுதியிருக்கும் அதே வாசகம் அப்படியே இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். எழுத்து குறைந்தது ஒரு அங்குல உயரம், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறம், எல்லார் கண்ணிலும் படும் இடம். படம் மட்டும் போட்ட ஸ்டிக்கர் இந்தப் பிரிவுக்குள் வராது. (.30-06 என்று ஒரு பழைய ரைஃபிள் தோட்டாவும் உண்டு. இங்கே வகுப்பெடுக்கிற வாத்தியார்கள் இதை வைத்து ஜோக் அடிக்காமல் விடமாட்டார்கள்.)

முறையான போர்டை மீறினால் கிளாஸ் சி குற்றம், 200 டாலர் வரை அபராதம். ஆனால் கடைக்காரர் வாய்விட்டு "வெளியே போங்க" என்று சொன்ன பிறகும் நின்றால் கிளாஸ் ஏ: ஒரு வருஷம் வரை ஜெயில், 4,000 டாலர் வரை அபராதம். சொன்னதும் உடனே கிளம்பிவிட்டால் அதையே நீதிமன்றத்தில் தற்காப்பாகச் சொல்லலாம். இது 2019-ல் வந்த திருத்தம். வாய்வார்த்தைக்கு ஸ்பானிஷ் வேண்டாம், அங்குலக் கணக்கும் கிடையாது. அதை மறக்காதீர்கள்.

மது விற்பனையே வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களில் சிவப்பில் 51% என்று போட்டிருக்கும். அது வேறு ஜாதி. லைசென்ஸ் இருந்தாலும் பெருங்குற்றம்.

ஒத்தக்கட்டை

இந்த லைசென்ஸ் சட்டமே எப்படி வந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கா? 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகம். பிக்கப் வண்டியைக் கண்ணாடியை உடைத்து உள்ளே ஓட்டி வந்தவன் 23 பேரைக் கொன்றான். சுசானா ஹப் என்கிற பெண்ணிடம் சொந்தத் துப்பாக்கி இருந்தது. கையில் இல்லை, வெளியே காரில். எடுத்துப் போனால் சட்டப்படி தப்பு என்று விட்டுவிட்டுப் போனவர். கண் முன்னால் அப்பாவும் அம்மாவும் போனார்கள். அவர் ஊர் ஊராகச் சாட்சி சொன்னதில்தான் 1995-ல் சட்டம் மாறியது, 96-ல் முதல் லைசென்ஸ்.

இன்டியானா கிரீன்வுட் மால், 2022 ஜூலை 17. சுட ஆரம்பித்தவனை 15 வினாடிக்குள் வீழ்த்தியது 22 வயசுப் பையன். அந்த மாலில் ஆயுதத்துக்குத் தடை என்று விதி இருந்தது. அவன் மதித்திருந்தால்? மூன்று உயிர் போனதோடு நின்றிருக்குமா?

ஸ்டிக்கரை மதிக்கிறவன் நல்லவன் மட்டும்தான். கெட்டவன் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகப்போவதில்லை.

பிளானோ_பானு

ஒத்தக்கட்டை அண்ணா, லூபிஸில் அந்தப் பெண்ணைத் தடுத்தது கடைக்காரர் இல்லை, மாநில அரசாங்கம். ஓனர் போர்டே போடவில்லை. அரசாங்கம் தடுக்கக் கூடாது என்பது ஒரு வாதம். என் கடைக்குள் நான் தடுக்கக் கூடாது என்பது வேறு வாதம். முன்னதற்கு அழுதவர்களின் கண்ணீரை எடுத்துப் பின்னதற்குப் பூசாதீர்கள்.

கிரீன்வுட் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையன் அங்கே இருந்தது நல்லதுதான்.

ஒத்தக்கட்டை

பதில் இல்லை என்று சொன்னதற்கே ஒரு கும்பிடு.

மளிகைக்கடைக்காரன்

வணக்கம். அந்த ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான். மச்சான் இந்த லிங்க்கை அனுப்பி "உன்னைப் பத்திதான் பேசுறாங்க"ன்னான்.

ஏன் ஒட்டினேன்னு சொல்றேன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, கடை நிறைய கூட்டம். ஒரு தம்பி கீழ்த்தட்டுல இருந்து இருபது பவுண்டு அரிசி மூட்டையைக் குனிஞ்சு தூக்கினாரு. சட்டை மேல ஏறிடுச்சு. இடுப்புல கறுப்பா பிடி. பக்கத்துல கறிவேப்பிலை பொறுக்கிட்டிருந்த பாட்டி, மதுரையில இருந்து மக பிரசவத்துக்கு வந்தவங்க, அதைப் பார்த்துட்டாங்க. சத்தம் போடல. கூடையை அப்படியே கீழ வெச்சுட்டு என் கல்லாவுக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டாங்க. கை நடுங்குது. "தம்பி, போலீசா அவரு?"ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். "அப்ப எதுக்குய்யா வெச்சிருக்காரு?" எனக்குச் சொல்லத் தெரியல. அந்தத் தம்பி கடுகு, பெருங்காயம் எல்லாம் வாங்கிட்டு நன்றிண்ணா சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுஷன். அவரு மேல எனக்குக் கோவமே இல்ல.

அன்னிக்கு ராத்திரியே ஆன்லைன்ல ஸ்டிக்கர் வாங்கினேன். ஒரு இஞ்சு, ஸ்பானிஷ் எல்லாம் எனக்குத் தெரியாது. படம் போட்டா புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன். புரிஞ்சுகிட்டும் செல்லாதுன்னு சொல்வாங்கன்னு நெனைக்கல.

கேட்டி_மணி

அண்ணே, முதலில் ஒன்று: குனிந்தவன் நான் இல்லை. நான் அரிசி மூட்டையைப் பையனை விட்டுத் தூக்கச் சொல்கிறவன். (இதற்குத்தான், முதுகு வலி என்று பையனிடம் பொய்.)

உங்கள் கடைசி வரி கொஞ்சம் சுட்டது. ஆனாலும் கேட்கிறேன். அந்தத் தம்பி செய்த தப்பு கொண்டுவந்தது இல்லை, காட்டியது. நீளமான சட்டை போட்டிருந்தால் பாட்டி நிம்மதியாகக் கறிவேப்பிலை வாங்கியிருப்பார். ஒழுங்காக மறைத்து வைக்கிற நூறு பேர் உங்கள் கடைக்கு வந்து போயிருப்பார்கள், உங்களுக்கே தெரியாது. தெரியாத வரைக்கும் யாருக்கு என்ன நஷ்டம்?

பிளானோ_பானு

"தெரியாத வரைக்கும்" என்று ஆரம்பிக்கிற எந்த நியாயமும் எனக்கு உதைக்கும். கல்யாணப் பந்தியில் சைவம் என்று சொல்லி உட்காரவைத்து, குழம்பில் கருவாட்டுத் தூளைப் போட்டுவிட்டு, தெரியாத வரைக்கும் என்ன நஷ்டம் என்று கேட்பது மாதிரி. அவர் கேட்டது "எனக்குத் தெரியாமல் கொண்டுவா" என்று இல்லை. கொண்டுவராதே என்று.

ஆஸ்டின்_வாத்தியார்

சொத்துரிமை என்று பேசுகிற என் துப்பாக்கி நண்பர்களிடம் ஒரு வேடிக்கையைக் கவனிக்கிறேன். அவர்கள் வீட்டு வேலிக்குள் யாராவது கால் வைத்தால் சொத்துரிமை புனிதம். அதே சொத்துரிமையைக் கடைக்காரர் கதவில் ஒட்டினால் மட்டும் எழுத்து எத்தனை அங்குலம் என்று ஸ்கேல் எடுக்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றத்தின் ப்ரூயன் தீர்ப்பு வந்ததும், நியூயார்க் கணக்கையே திருப்பிப் போட்டது: கடைக்காரர் "கொண்டுவரலாம்" என்று சொன்னால் ஒழிய எல்லாக் கடையிலும் தடை. ஹவாயும் 2023-ல் அப்படியே. ஹவாய் வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒத்துக்கொண்டது. அங்கே கேள்வி, கடைக்காரர் வாயே திறக்காதபோது அரசாங்கம் அவருக்காகப் பேசலாமா என்பது. நம் மளிகைக்கடை அண்ணன் வாய் திறந்துவிட்டார். ஆகவே அந்த வழக்கைக் காட்டி யாரும் இங்கே தப்பிக்க முடியாது.

ஒத்தக்கட்டை

வாத்தியாரே, ஸ்கேல் எடுக்கச் சொன்னது சட்டமன்றம், நாங்கள் இல்லை. ஏன் அவ்வளவு பெரிய எழுத்து? மூலையில் தபால்தலை மாதிரி ஒட்டிவிட்டு, தெரியாமல் உள்ளே போனவனைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதற்காக. உண்மையிலேயே வேண்டாம் என்கிறவர் அந்த அளவுக்கு மெனக்கெடட்டும்.

நர்சு_வசந்தா

இரவு ட்யூட்டி முடிந்து படிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி தம்பி, நீங்கள் மதிப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கும்? கார் டேஷ்போர்டில். போர்டு துப்பாக்கியை ஒழிப்பதில்லை, கதவிலிருந்து நாற்பது அடி தள்ளிப் பார்க்கிங்குக்கு அனுப்புகிறது. பார்க்கிங்கில் ஒருத்தர் கழற்றி சீட்டுக்கு அடியில் வைப்பதை நாலு காருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் பார்த்தால் போதும், கண்ணாடிதான் உடையும். போனது யார் கையில், எந்த ராத்திரி யாரைச் சுடும் என்று நமக்குத் தெரியாது. அது வந்து சேருகிற இடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

அதனால் மதிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. காரில் திருகி மாட்டிய பூட்டுப்பெட்டி வாங்குங்கள். வீட்டிலேயே, கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டும் முடியாதென்றால் வேறு கடைக்குப் போங்கள். போவதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு வாடிக்கை போகிறது என்று அவருக்கும் தெரியட்டும். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

வடை_நிபுணர்

யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். அலபாமா ஹூவர் மால், 2018 நன்றி நாள் இரவு. சுடும் சத்தம் கேட்டதும் கையில் துப்பாக்கியோடு இருந்த 21 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. முதலில் இவர்தான் குற்றவாளி என்றார்கள், பிறகு இல்லை என்று பின்வாங்கினார்கள். கொலராடோ ஆர்வாடா, 2021 ஜூன்: போலீஸ்காரரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்தியவர், அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்தார். ஓடிவந்த இன்னொரு போலீஸ்காரர் இவரையே சுட்டுவிட்டார். இத்தனைக்கும் அவர் வெள்ளையர்.

ஒத்தக்கட்டை அண்ணன் கிரீன்வுட்டை மட்டும் சொல்கிறார். அண்ணே, நம்ம நிறத்துக்கும் தாடிக்கும் அந்தக் கூட்டத்தில் துப்பாக்கியை உருவிக்கொண்டு நின்றால், வருகிற போலீஸ் லைசென்ஸா பார்க்கும்?

ஒத்தக்கட்டை

செத்தாலும் சண்டை போட்டுச் சாகிறேன். அது என் பாடு.

வடை_நிபுணர்

உங்கள் பாடு மட்டும் இல்லையே, அங்கே கறிவேப்பிலை பொறுக்கும் பாட்டியும் நிற்கிறார்.

சட்டப்புத்தகம்

நம் ஆட்களுக்கு இன்னொன்று. எச்1பி விசாவில் இருப்பவர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். "டெக்சஸில் 2021-லிருந்து லைசென்சே வேண்டாமாமே" என்று நண்பன் சொன்னதை நம்பித் தொடாதீர்கள். கிரீன் கார்டுக்காரர்கள் வாங்கலாம், லைசென்சும் எடுக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. குடிமகனுக்கு 200 டாலரோடு முடிகிற விளையாட்டு உங்களுக்கு எங்கே முடியும் என்று ஒரு வக்கீலைக் கேட்காமல் விளையாடாதீர்கள்.

மளிகைக்கடைக்காரன்

எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். முறையா போடுவோம்னு பிரிண்டிங் கடைக்குப் போனா, அவன் மூணு போர்டு காட்றான். மறைச்சு வர்றவங்களுக்கு 30.06, வெளிய தெரிய வர்றவங்களுக்கு 30.07, லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு 30.05. ஒவ்வொண்ணும் ரெண்டு பாஷை. மூணையும் ஒட்டினா கதவுல கண்ணாடியே தெரியாது. வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, "வருக"ன்னு எழுதின ஸ்டிக்கரை எங்க ஒட்டப்போறீங்கன்னு.

முதல் ரெண்டை மட்டும் ஒட்டியிருக்கேன். நாட்டிய வகுப்பு நோட்டீசு உள்ள போயிடுச்சு, டீச்சரம்மா மன்னிக்கணும்.

கேட்டி_மணி

ஞாயிறு வந்திருந்தேன் அண்ணே. புது போர்டு காத தூரத்திலிருந்தே கத்துகிறது. துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். பார்க்கிங்கில் இறங்கியதும் இரண்டு தடவை இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், பழக்கம். காய்கறிப் பக்கம் நிற்கும்போது முழுக்கவே கதவைப் பார்த்தபடிதான் நின்றேன். பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் வருவேனா, வேறு பெரிய கடைக்குப் போவேனா தெரியாது. ஒளித்துக்கொண்டு மட்டும் வரமாட்டேன்.

ஒத்தக்கட்டை

நான் வரமாட்டேன். வசந்தா அக்கா சொன்ன மாதிரி சொல்லிவிட்டே போகிறேன்: ஆறு வருஷ வாடிக்கை, இனி இல்லை. கோபம் இல்லை.

மளிகைக்கடைக்காரன்

அண்ணே, சரி. ஆனா உங்க அம்மாவுக்குன்னு சொல்லி வெச்ச கல்லிடைக்குறிச்சி அப்பளம் ரெண்டு கட்டு இங்க அப்படியே இருக்கு. காசும் குடுத்துட்டீங்க. கடைக்குள்ள வர வேண்டாம். வாசல்ல வண்டியை நிறுத்தி ஹாரன் அடிங்க, நானே கொண்டாந்து தர்றேன்.