‘செட் லிஸ்ட்’டுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புதிதாக இசைக்குழு தொடங்குவோருக்கான சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆறாம் இயல் முழுவதும் ‘செட் லிஸ்ட்’ பற்றியது. மேடையில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று முன்கூட்டியே முடிவுசெய்து, தாளில் எழுதி, ஒவ்வொருவர் காலடியிலும் ஒட்டிவைப்பார்களே, அதுதான். ‘பாடல் பட்டியல்’ என்று போட்டுக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் சிக்கிக்கொண்டேன். பிளேலிஸ்ட்டை அப்படியே செட் லிஸ்ட் ஆக்கிவிடக் கூடாது என்று மூல ஆசிரியர் அங்கே எச்சரிக்கிறார். என் தமிழில் அது “உங்கள் பாடல் பட்டியலை அப்படியே பாடல் பட்டியல் ஆக்கிவிடாதீர்கள்” என்று வந்து நிற்கிறது.

போதாக்குறைக்கு, குழுவுக்குத் தெரிந்த மொத்தப் பாடல்களுக்கும் இன்னொரு சொல் வருகிறது. ஆக மூன்றும் மூன்று சொல்லாக வேண்டும். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, பட்டியல் என்பது சரக்கு எடுப்பவனுக்கு. அரிசிக்கு முன் உப்பை எழுதினாலும் பின்னால் எழுதினாலும் அவனுக்கு ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியது முறை பிறழாத ஒன்று. அதற்கு ‘நிரல்’ என்ற அருமையான சொல் கைவசம் இருக்கிறது. ‘நிகழ்ச்சி நிரல்’ பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பாடல் + நிரல் = பாடனிரல். லகரம் நகரத்தோடு புணரும்போது னகரமாகும். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளான பொருள்கோள் எட்டையும் அடுக்கும் நன்னூல் நூற்பாவில் பவணந்தியாரே ‘நிரனிறை’ என்றுதான் சொல்கிறார். ‘நிரல்நிறை’ என்று பிரித்து எழுதுவது நம் காலத்துச் சோம்பல். பாடனிரல் என்றே அச்சிடுங்கள். வெள்ளிக்கிழமை என்ன, இன்றைக்கே கொடுத்துவிடலாம்.

கிட்டார் வாசிக்கும் உறுப்பினர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். பாடனிரல் என்பதைப் பார்த்ததும் ஏதோ வலிநிவாரணி மாத்திரை என்று நினைத்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்கத் தோன்றுகிறது.

மென்பொருள் எழுதுபவர்:

எனக்கு மருந்து அல்ல, தொழில் சிக்கல். ‘நிரல்’ என்றால் இன்று கணினி நிரல். எழுதுபவர் நிரலர். நாளைக்கு ஒருவர் பாடல்களை வரிசைப்படுத்தும் செயலிக்கு நிரல் எழுதினால் அது ‘பாடல் நிரல் நிரல்’ ஆகுமா? நாங்கள் அரும்பாடுபட்டுப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. அதற்குள் இன்னொரு குடித்தனம் வைக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் உங்கள் தொழிலுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல, ஐயா. கணக்கு நூலைத் திறந்து பாருங்கள். அணியில் (மேட்ரிக்ஸில்) கிடக்கையாகப் போவது நிரை, மேலிருந்து கீழாக இறங்குவது நிரல். கணக்காசிரியர்கள் யாரும் உங்களோடு வழக்காட வரவில்லையே. கிட்டார் தம்பி ஒட்டிவைக்கும் தாளிலும் பாட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தானே இறங்குகின்றன? அது நிரலேதான். நிரை என்ற சொல்லுக்கோ வேறு வரலாறு. ஆநிரை என்கிறோம், மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால். வெட்சித் திணையே அந்த நிரையைக் கவர்வதில்தான் தொடங்குகிறது. யாப்பில் நிரையசை என்பதும் எழுத்து இணைந்து நிற்பதால் வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்:

‘அடைவு’ என்ற சொல்லை எல்லோரும் மறந்துவிட்டோம். முறை என்று அதற்குப் பொருள் உண்டு. ‘அடைவே’ என்றால் முறைப்படி. பாடலடைவு என்று சொல்லிப் பாருங்கள், நாவில் எப்படி உருள்கிறது! சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழல் வழியே யாழும், யாழ் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்வழியே முழவும் நிற்கும் அழகை நினைத்துக்கொண்டேன். மேடையில் முறை என்பது நமக்குப் புதிது அல்லவே.

மொழிபெயர்ப்பாளர்:

அழகுதான். ஆனால் நூலின் கடைசியில் சொல்லடைவு, பொருளடைவு என்று போடுகிறோம். பாடலடைவு என்றால் அகர வரிசையில் பாட்டுகளும் எதிரே பக்க எண்களும்தான் என் கண்ணில் தெரிகின்றன. தவிர, அரங்கேற்று காதையில் முறைப்பட நிற்பவை கருவிகள். பாட்டுகளின் முறையைத்தான் இப்போது தேடுகிறோம்.

இசை கற்பிக்கும் அம்மையார்:

நான் சற்றுத் தாமதமாக வருகிறேன். ‘பாடல்’ என்ற முதற்பாதியை ஏன் யாரும் கேள்வி கேட்கவில்லை? ஓர் இசைக்குழு மேடையில் செய்வதெல்லாம் பாடுவது மட்டுமா? வாய்ப்பாட்டே இல்லாத வாத்திய இசை உண்டு. டிரம்ஸ் மட்டும் தனியாக நான்கு நிமிடம் ஓடும். அதையும் தாளில் எழுதித்தான் ஆக வேண்டும், நேரம் தின்னுமே. எங்கள் கச்சேரி உலகில் இதற்கு ‘உருப்படி’ என்ற சொல் தலைமுறைகளாக இருக்கிறது. பாட்டோ, வர்ணமோ, தில்லானாவோ, எல்லாம் உருப்படிதான். ‘உருப்படி வரிசை’ என்று வைத்துக்கொள்ளலாமே. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று முதல் பாடத்திலிருந்தே வரிசை எங்களோடு இருக்கிறது.

தெரிந்த மொத்தப் பாட்டுகளுக்குச் சொல் கேட்டிருந்தீர்கள். ‘பாடாந்தரம்’ ஓரளவு பொருந்தும். ஆனால் அதில் குரு வழி வந்த பாடமுறை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளைஞர் குழுவுக்குக் ‘கைவசப் பாடல்கள்’ போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசைச் சிந்தனை நமக்கு இறக்குமதி அல்ல. பரதநாட்டிய மார்க்கத்தை அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிவதாக 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர். இன்றைய கச்சேரி பத்ததிக்கு, அதாவது கச்சேரி அமைப்பு முறைக்கு, அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்கிறோம். வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, நடுவே கனமான உருப்படியை வைத்து, கடைசியில் துக்கடாக்களால் மனத்தை இலேசாக்கி அனுப்பும் அமைப்பு அது. ‘பத்ததி’ என்றே வைக்கலாம் என்பேன். வடசொல் என்று ஐயா எழுந்து நிற்பார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எழுந்து நின்றுவிட்டேன், அம்மா.

மென்பொருள் எழுதுபவர்:

உருப்படி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சலவைக்குப் போடும் துணிகளையும் ‘எத்தனை உருப்படி’ என்றுதான் எண்ணுகிறோம். ‘உருப்படாத’ குழுக்களைப் பற்றிய நகைச்சுவையும் முதல் நாளே தொடங்கிவிடும்.

கிட்டார் வாசிக்கும் உறுப்பினர்:

சொல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறேன். பிறகு பெயர் வையுங்கள்.

நாங்கள் முதன்முதலில் மேடையேறியபோது பிடித்த பாட்டுகளைப் பிடித்தபடி எழுதிக்கொண்டு போனோம். இரண்டு பாட்டுகளுக்குக் கிட்டாரின் ஆறாம் தந்தியை ஒரு முழுச் சுரம் தாழ்த்த வேண்டும். ஒன்று இரண்டாவதாக இருந்தது, மற்றது ஏழாவதாக. இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு, மறுபடி ஏற்று. நான்கு முறை சுருதி சேர்த்தேன். நான்கு முறையும் பாடகர் அவையைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார். அவர் குரல் எட்டும் உச்சத்தில் இருக்கும் பாட்டை முதலில் வேறு வைத்திருந்தோம். தொண்டை சூடேறுவதற்கு முன்பே கிழிந்தது. ஆறாம் பாட்டிலிருந்து அவர் பாடவில்லை, முனகினார்.

எங்களுக்குக் கொடுத்தது 45 நிமிடம். பாட்டு ஒன்றுக்கு நான்கு நிமிடம், ஆக 10 பாட்டு, 40 நிமிடம், ஐந்து நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தோம். 10 பாட்டுக்கு நடுவே ஒன்பது இடைவெளி. ஒவ்வொன்றும் அரை நிமிடம் என்றாலே நாலரை நிமிடம் போய்விடும். குழுவை அறிமுகம் செய்ய நேரம் எங்கே, தந்தி அறுந்தால் மாற்ற நேரம் எங்கே? கடைசிப் பாட்டு பாதியில் இருக்கும்போது மேடைப் பொறுப்பாளர் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார்.

இப்போது எட்டுப் பாட்டுக்கு மேல் எழுதுவதில்லை. தந்தி தாழ்த்தும் பாட்டுகள் அடுத்தடுத்து. ஒரே சுருதியில் ஒரே வேகத்தில் மூன்று தொடர்ந்து வரக் கூடாது. மூன்றும் ஒரே பாட்டாகக் கேட்கும். மிகச் சிறந்த பாட்டு கடைசியில், அதற்கு அடுத்தது முதலில். புதுப் பாட்டு நடுவில், தெரிந்த இரண்டுக்கு இடையே. நேரம் போதாவிட்டால் கழற்றிவிட வேண்டியதற்குப் பக்கத்தில் சிறு புள்ளி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சுருதி, யார் தொடங்குவது, கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) எந்தக் கட்டையில் என்ற குறிப்பு. இவ்வளவும் அந்த ஒற்றைத் தாள்.

ஒலியமைப்பாளராக இருக்கும் உறுப்பினர்:

எனக்கும் ஒரு படி கொடுங்கள், விளக்குப் போடுபவருக்கும் ஒன்று. எந்தப் பாட்டில் யார் முன்னால் வரப்போகிறார் என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் துழாவுகிறோம். பெயர் எதுவானாலும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பியின் மடலை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகள் வகுப்பில் பொருள்கோள் நடத்தியவனுக்கு இது புதிதாக ஒன்றைக் காட்டியது. தம்பி பிளேலிஸ்ட் என்று கேட்பது அடிமறிமாற்று. எந்த அடியை எங்கே மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது. உங்கள் செயலிகளில் கலைத்துப் போடும் பொத்தான் இருப்பது அதனால்தான். மேடையில் வேண்டுவது ஆற்றுநீர். மேலிருந்து இறங்கி, இடையில் முறியாமல், கடலில் போய்ச் சேர வேண்டும். முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் வலுவாக வைப்பது விற்பூட்டு. வில்லின் இரு முனையையும் நாண் கட்டுவதுபோல். நடுவில் புதுப் பாட்டை வைத்து இருபுறமும் தெரிந்ததை வைக்கிறாரே, அது தாப்பிசை. ஊஞ்சல்போல முன்னும் பின்னும் சென்று ஒட்டும்.

ஆகவே நிரல்தான் சரி என்பது இன்னும் உறுதியாகிறது.

கிட்டார் வாசிக்கும் உறுப்பினர்:

ஐயா, ‘ஆகவே’ வரைக்கும் உங்களோடுதான் வந்தேன். இந்த விளக்கத்தை எங்கள் டிரம்ஸ் நண்பரிடம் படித்துக் காட்டினேன். பள்ளியில் இப்படிச் சொல்லியிருந்தால் தேறியிருப்பேன் என்றார்.

நிரல் வேண்டாம் என்பதற்கு என் காரணம் ஒன்றுதான். மேடையேறும் நேரத்தில் யாரும் முழுச்சொல்லைச் சொல்வதில்லை. பாதியை விழுங்கிவிடுவோம். விழுங்கியபின் மிஞ்சுவது எது என்று பாருங்கள். “வரிசை எங்கே?” என்றால் தாளை எடுத்துக் கொடுப்பார்கள். “நிரல் எங்கே?” என்றால் கீபோர்டு வாசிப்பவர் மடிக்கணினியைத் திறப்பார்.

முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்:

வரிசை என்பதும் நல்ல வேர் உள்ள சொல்தான். வரி, வரை, வரிசை எல்லாம் கோடு இழுப்பதில் பிறந்தவை என்பேன். சீர்வரிசை மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘செக்டா’வோடு, அதாவது பின்தொடர்வோர் என்பதோடு, உறவு சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ‘பின்னிரல்’...

மொழிபெயர்ப்பாளர்:

இன்று வியாழன்.

குழுப் பொறுப்பாளர்:

விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். இதுவரை கை தூக்கியவர்கள்: பாடல் வரிசை 6, பாடல் நிரல் 3, உருப்படி வரிசை 2, பாடலடைவு 1 (முன்மொழிந்தவர்). நிரையசை பற்றிய மடல் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளது. அங்கே இப்போது 14 மடல்கள் இருக்கின்றன. இங்கே யாரும் தொடர வேண்டாம்.

இசை கற்பிக்கும் அம்மையார்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் வாத்திய இசை மட்டும் வாசிக்கும் குழு ‘பாடல் வரிசை’ என்று எழுதும்போது என்னை நினைத்துக்கொள்ளட்டும். நிகழ்ச்சி முடிந்து கைதட்டி மறுபடி அழைத்தால் வாசிக்க ஒன்றை ஒளித்துவைப்பார்களே, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்:

‘ஒன்ஸ்மோர்’ என்றே விட்டுவிட்டேன், அம்மா. கேட்டு வாங்குவதுபோல நடித்து முன்பே எழுதிவைத்த பாட்டு அது. அதற்கு நேர்மையான தமிழ்ச்சொல் வைக்க மனம் வரவில்லை.

இறுதி வடிவம் இது: பிளேலிஸ்ட் ‘பாடல் பட்டியல்’, தெரிந்தவை எல்லாம் ‘கைவசப் பாடல்கள்’, மேடைக்கு உரியது ‘பாடல் வரிசை’. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பாடல் வரிசை எனப்படும் செட் லிஸ்ட்’. ஆற்றுநீர், அடிமறிமாற்று ஒப்புமையை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். ஐயா பொறுத்தருள வேண்டும். ஒரே ஓர் ஐயம். இயலின் தலைப்பு ‘பாடல் வரிசை தயாரித்தல்’. இங்கே ஒற்று மிகுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மிகாது. வரிசையைத் தயாரித்தல் என்று விரியும்; இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘வரிசை’ என்பதுதான் பிழை. மற்றபடி அந்தத் தலைப்பில் பிழை இல்லை.