பைலட் பேரிங்கின் வெளி ரேஸ் மட்டும் கிராங்கில் மாட்டிக்கொண்டது, எடுப்பது எப்படி?

கேள்வி:
பின்சக்கர டிரைவ் கார், 5 கியர் மேனுவல். வண்டி நிற்கும்போது முதல் கியரில் போட்டு கிளட்சை முழுக்க மிதித்தால் கீச்சென்ற இரைச்சல். நியூட்ரலில் கிளட்சை விட்டால் சத்தமே இல்லை. ரிவர்ஸ் விழும்போது கரகரக்கிறது. கியர்பாக்ஸ், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் எல்லாம் இறக்கியாயிற்று. பைலட் பேரிங் (கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் சிறு பேரிங்) கிராங்கின், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டின், பின்முனைத் துளைக்குள் இருக்கிறது. அழுத்தத்தில் பேரிங் வெளியே வரட்டும் என்று கிரீஸ் அடைத்து, கம்பி வைத்து அடித்ததில் உள் ரேஸும் (உள் வளையம்) குண்டுகளும் தெறித்து வந்துவிட்டன. வெளி ரேஸ் அசையவில்லை. கிராங்கைக் கெடுக்காமல் எப்படி எடுப்பது? வெளி விட்டம் 35 மி.மீ., என்ன எண் வாங்க வேண்டும்? சத்தம் ரிலீஸ் பேரிங்கிலிருந்து (கிளட்சை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்துவது) வந்திருக்கவும் வாய்ப்புண்டா?

பதில் 1:
முதலில் சத்தம். கிளட்சை விட்டிருக்கும்போது கிராங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும், பைலட் பேரிங்குக்கு வேலையே இல்லை. கியரில் நின்று முழுக்க மிதித்தால் ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க் மட்டும் சுற்றும். பைலட் பேரிங் கத்துவது அப்போதுதான். ரிலீஸ் பேரிங் அப்படியல்ல; மிதியில் பாரம் ஏறத் தொடங்கியதுமே, கிளட்ச் பிரிவதற்கு முன்பே சத்தம் தரும். ரிவர்ஸ் கரகரப்பையும் சேர்த்துப் பார்த்தால் பைலட் பேரிங் இறுகி, ஷாஃப்ட்டை நிற்க விடாமல் இழுத்துச் சுற்றியிருக்கிறது. இருந்தாலும் இவ்வளவு தூரம் இறக்கிய பிறகு ரிலீஸ் பேரிங்கைப் பழையதாக விடாதீர்கள்.

இப்போது ரேஸ். நடுவில் ஓட்டை விழுந்துவிட்டதால் கிரீஸ் அழுத்தம் இனி நிற்காது. துளைக்குள் இருக்கும் கிரீஸ் முழுவதையும் வழித்தெடுங்கள், உடைந்த கேஜ் (குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு) துண்டு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. பிறகு ஸ்லைடு ஹாமருடன் (தண்டில் நகரும் எடையை இழுத்து மோதவைக்கும் கருவி) வரும் உள்பிடி புல்லரைப் போடுங்கள். ரேஸுக்குப் பின்னால் கொக்கி நுழைய இடம் இல்லையென்றால் கவலை வேண்டாம்: குண்டு ஓடிய பள்ளத்திலேயே கொக்கி நன்றாகப் பிடிக்கும். கொக்கியை இறுக்கி விரித்து, நேர்க்கோட்டில் இழுத்து அடியுங்கள். சாய்த்து அடித்தால் ரேஸ் துளைக்குள் கோணிக்கொண்டு இன்னும் இறுகும்.

அதற்கும் வரவில்லையென்றால் வெல்டிங். குண்டுப் பள்ளத்தைச் சுற்றி ஒரு வரி வெல்டு போட்டு ஆறவிடுங்கள். வெல்டு ஆறும்போது சுருங்கி ரேஸையும் உள்ளே இழுக்கும், பிடி தளர்ந்துவிடும். எர்த் கிளாம்ப்பைக் கட்டாயம் ஃப்ளைவீலிலேயே மாட்டுங்கள். பாடியில் மாட்டினால் கரண்ட் மெயின் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொசுக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிவையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெல்டு செய்யுங்கள். கிராங்கின் பின் ஆயில் சீல் பக்கத்திலேயே இருக்கிறது, அதிகச் சூடு தாங்காது.

பதில் 2:
வெல்டிங் வசதி இல்லையென்றால் சிறிய கிரைண்டரால் ரேஸின் உட்புறத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டுப் போடலாம். முழுக்க அறுக்காதீர்கள், மெல்லிய தோல்போல மீதி விட்டு, அங்கே உளி வைத்து அடியுங்கள். ரேஸ் கடினமான எஃகு, பிளந்துவிடும். துண்டு தெறிக்கும், கண்ணாடி அவசியம்.

எண்ணைப் பொறுத்தவரை 35 மி.மீ. என்று மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாற்றம்தான். 6202 என்பது 15×35×11, 6003 என்பது 17×35×10 (உள் துளை×வெளி விட்டம்×அகலம், மி.மீ.). இரண்டுக்கும் வெளி விட்டம் ஒன்றே. வெளியே வந்த உள் ரேஸின் துளையையும் இன்புட் ஷாஃப்ட் மூக்கையும் (பேரிங்குக்குள் நுழையும் முனை) வெர்னியரில் அளந்து முடிவெடுங்கள். இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக, 2ஆர்எஸ் என்று குறித்திருப்பதை வாங்குங்கள். அதற்குத் தனியாக கிரீஸ் வேண்டாம்.

மாட்டும்போது புதிய பேரிங்கைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளி ரேஸின் விளிம்பில் மட்டும் உட்காரும் சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். அடி உள் ரேஸில் பட்டால் குண்டு பள்ளத்தில் தழும்பு விழுந்து, புதுப் பேரிங்கே இரைய ஆரம்பிக்கும். பழைய ரேஸ் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எடுப்பதற்கு முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
கொக்கியைப் பள்ளத்தில் பிடித்து இழுத்ததில் ரேஸ் வந்துவிட்டது, நன்றி. துளையில் நீளவாக்கில் மெல்லிய கீறல் ஒன்று இருக்கிறது. ஷாஃப்ட் மூக்கில் ஒரு வளையத் தடம் தெரிகிறது. இரண்டையும் அப்படியே விடலாமா?

பதில் 1:
கீறல் பரவாயில்லை. மேடாக எழும்பிய பிசிறை மட்டும் நுண்ணிய எமரித்தாளால் தேய்த்தெடுங்கள், துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். பேரிங் விரலால் தள்ளியே உள்ளே போனால்தான் சிக்கல்: வெளி ரேஸ் துளைக்குள் சுழன்று கிராங்கையே தின்னும். தளர்வு மிகச் சிறிது என்றால் பேரிங் பொருத்தும் பசை போதும்.

மூக்கைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். பேரிங் இறுகியபோது மூக்கு உள் ரேஸுக்குள்ளேயே உரசிச் சுழன்றிருக்கும், அந்தத் தடம் அதனால் வந்தது. தடத்தின் மேலும் பக்கத்தில் தேயாத இடத்திலும் மைக்ரோமீட்டர் வைத்து ஒப்பிடுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் படி இருந்தாலோ, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ ஷாஃப்ட்டை மாற்றுவதே சரி. புது பேரிங் அதில் ஆடும், சீக்கிரம் போய்விடும்.

பதில் 2:
ஏற்றும்போது இதை மறக்காதீர்கள். கிளட்ச் பிளேட்டை மையக்கருவியால் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூடு) டவல் பின்கள், அதாவது மையம் காக்கும் ஊசிகள், இரண்டும் இடத்தில் இருக்கிறதா பாருங்கள்; அவை இல்லாமல் மாட்டினால் மையம் விலகி பைலட் பேரிங் மறுபடி சாகும். கியர்பாக்ஸின் பாரம் ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது, ஜாக் தாங்கியபடியே இருக்கட்டும். கடைசி ஒரு விரல் இடைவெளி மூடவில்லையென்றால் போல்ட்டைத் திருகி இழுக்காதீர்கள். கியரில் போட்டு அவுட்புட் முனையை லேசாகத் திருப்பினால் பல்வரிசை பொருந்தி, கைத்தள்ளலிலேயே போய் உட்காரும்.