அகராதித் தாளின் மேல் வரைந்தால் நூலின் நினைவு காக்கப்படுகிறதா?

அச்சுமை:
தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 2013இல் உருவாக்கிய 'செகண்ட் ஹேண்ட் ரீடிங்' என்ற காணொளியை எங்கள் வாசகர் வட்டத்தில் பார்த்தோம். ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடுகிறது. பழைய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒன்றின் தாள்கள் விரைந்து புரள, அச்சு வரிகளின் மேல் கரித்துண்டால் வரையப்பட்ட கலைஞரின் உருவம் பக்கத்துக்குப் பக்கம் நடந்துகொண்டே இருக்கிறது. மறைந்துவரும் அச்சு நூலுக்கான அஞ்சலி இது என்றார் ஒரு நண்பர். ஒரு சொல்லைக்கூட நின்று படிக்கவிடாத வேகத்தில் நூலைக் காட்டுவது எப்படி அஞ்சலியாகும் என்பது என் கேள்வி. இதே பொருளில் வேறு படைப்புகள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.

கரிக்கோடு:
அவருடைய முந்தைய படங்களோடு சேர்த்துப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளியும். 1989இல் தொடங்கிய வரிசையில், ஒரே தாளில் வரைந்து, படமெடுத்து, கொஞ்சம் அழித்து, மீண்டும் வரைந்து படமெடுப்பார். கரியை முழுமையாக அழிக்க முடியாததால், அவர் வரைந்த நிறவெறி ஆட்சிக்கால ஜோகனஸ்பர்க் நகரத்தின் மேல் முன்பு இருந்தவற்றின் மங்கல் தடம் எப்போதும் படிந்தே கிடக்கும். அகராதிப் படத்தில் அந்தத் தடம் இல்லை. ஒவ்வோர் ஓவியமும் புதிய பக்கத்தில் வருகிறது. பழையது அடியில் போய்விடுகிறது. ஆகவே இங்கே நினைவு என்பது தடமன்று, புரட்டிவிட்ட பக்கம். அது அழியவில்லை, கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அவர் நாவலை எடுக்காமல் அகராதியை எடுத்ததும் பொருத்தமே, ஏனென்றால் அச்சிலிருந்து முதலில் விடைபெற்றவை அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற நோக்கு நூல்கள்தாம். 244 ஆண்டுகள் வெளிவந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் தன் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது 2012இல், அதாவது இந்தப் படத்துக்கு முந்தைய ஆண்டில். அஞ்சலி என்ற சொல்லை நானும் ஏற்கமாட்டேன். அவர் காட்டுவது புரட்டும் செயலை, உள்ளடக்கத்தை அன்று.

ஈரத்தாள்:
அமெரிக்கக் காணொளிக் கலைஞர் கேரி ஹில் 1987-88இல் எடுத்த 'இன்சிடென்ஸ் ஆஃப் கேட்டஸ்ட்ரஃபி'யைத் தவறவிடாதீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மொரீஸ் பிளான்ஷோவின் ஒரு நாவலிலிருந்து பிறந்த, 44 நிமிடத்துக்குச் சற்றே குறைவான காணொளி அது. கடலலை மணல்மேட்டை அரிப்பதும், நூலின் தாள்கள் மிக அண்மைக் காட்சியில் அசைவதும் மாறிமாறி வருகின்றன. வாசகனாக ஹில்லே நடிக்கிறார். இறுதியில் அவர் ஆடையின்றித் தரையில் சுருண்டு கிடக்க, அவருக்கு மேலே அச்செழுத்துகள் சுவர்போல எழுந்து நிற்கின்றன. அதாவது, மறைவது நூலன்று, வாசகன்தான்.

காணொளிக்கு முந்தைய படச்சுருளிலும் ஒன்று உண்டு. பெல்ஜியக் கவிஞர் மார்செல் புரோத்தார்ஸ் 1969இல் எடுத்த 'மழை' இரண்டே நிமிடம்தான்: அவர் மையால் எழுத எழுத, தண்ணீர் கொட்டி எழுத்தைக் கரைத்துவிடுகிறது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, விற்காமல் எஞ்சிய தம் கவிதை நூலின் படிகளைச் சாந்தில் பதித்துச் சிற்பமாக்கியவர் அவர். படிக்க வேண்டுமானால் சிற்பத்தை உடைத்தாக வேண்டும்! 'அஞ்சலி' என்று யார் சொன்னாலும் எனக்கு இந்தக் குறும்புதான் நினைவுக்கு வருகிறது.

நாடாச்சுருள்:
எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு. 1992இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் வில்லியம் கிப்சனும் ஓவியர் டென்னிஸ் ஆஷ்பாவும் 'அக்ரிப்பா' என்ற நூலை வெளியிட்டனர். தம் தந்தையின் பழைய புகைப்படத் தொகுப்பைப் பற்றிய கிப்சனின் நீண்ட கவிதை, அதனுள் ஒரு ஃபிளாப்பியில் (அக்காலக் கணினிச் சேமிப்பு வட்டில்) இருந்தது; ஒருமுறை ஓடியதும் அது தன்னைத்தானே படிக்க முடியாதபடி மாற்றிக்கொள்ளும். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் அதைத் திரையிட்டபோது, திரையைக் கமுக்கமாக வீடியோ எடுத்தவர்கள் வரிகளைப் பெயர்த்தெழுதி இணையத்தில் விட்டுவிட்டார்கள். மறைவதற்கென்றே செய்த கவிதையைக் காப்பாற்றியது வீடியோ. அக்கால வீடியோ பதிவான காந்த நாடாவின் ஆயுளோ சில பத்தாண்டுகள்தாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் காணொளிக் கலை இன்று பார்க்கக் கிடைப்பது, யாரோ அதை மறுபடி மறுபடி புதிய வடிவத்துக்குப் படியெடுத்ததால்தான்.

கரிக்கோடு:
வீடியோ காப்பாற்றியது கவிதையின் வரிகளை மட்டுமே. ஒரே ஒருமுறை படிக்கலாம் என்ற நிபந்தனையோடு படிக்கும் அனுபவம் அந்தப் பதிவில் இல்லை. அந்த நூலின் பொருளே அதுதானே?

அச்சுமை:
அப்படியானால் அடுத்த கூட்டத்தில் ஹில்லையும் புரோத்தார்ஸையும் அடுத்தடுத்துத் திரையிடுகிறோம். அஞ்சலி என்று சொன்ன நண்பரையே அறிமுகவுரை ஆற்றக் கேட்டிருக்கிறேன். அவர் தம் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.