ஸ்விங்கிங் சர்க்கிள்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். காற்றுக்கு ஒதுக்கமான, கடல்நீர் ஏறி இறங்கும் கழி ஒன்றில், ஏற்கெனவே பல படகுகள் நிற்கும் இடத்தில், இரவு நங்கூரமிட்டுத் தங்குவது எப்படி என்ற அத்தியாயத்தில் ஒரு சொல் மாட்டிக்கொண்டு நகர மறுக்கிறது: ஸ்விங்கிங் சர்க்கிள். நங்கூரம் நடுவில் இருக்க, காற்றும் ஓதமும் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) படகை எங்கெல்லாம் கொண்டுபோகக்கூடுமோ அந்த வட்டம். சுழல்வட்டம், ஊசல்வட்டம், வீச்சுவட்டம், திரும்புவட்டம் என்று நான்கைக் குறித்து வைத்திருக்கிறேன். சுழல்வட்டம் பரவாயில்லை என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

———

> சுழல்வட்டம் பரவாயில்லை என்று தோன்றுகிறது

எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஐயா. தண்ணீரைப் பற்றிப் பேசும்போது சுழல் என்றாலே நீர்ச்சுழல்தான். "வளைவுக்கு அப்பால் சுழல்வட்டத்தைக் கணித்துக்கொள்ளவும்" என்று எழுதினால், அங்கே நீர் சுழிக்கிறது போலிருக்கிறது என்று படகைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். திரும்புவட்டம் வேறொன்றுக்குத் தேவைப்படும்: ஓடும் படகில் சுக்கானை முழுவதும் திருப்பினால் அது போடும் வட்டம். வீச்சை இயற்பியல்காரர்கள் அலைவின் அளவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் ஊசல். ஊசல் ஒரே தடத்தில், ஒரே தாளத்தில் போய்வரும். நங்கூரமிட்ட படகுக்குத் தடமும் கிடையாது, தாளமும் கிடையாது.

சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொருளைப் பார்ப்போம். நீர் வற்றிய நேரத்தில் ஆழம் 4 மீட்டர், பெருக்கில் இன்னும் 3 மீட்டர் ஏறும், படகின் முன்னணியம், அதாவது முன்முனை, நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகப் பெருக்கில் மொத்தம் 8 மீட்டர். நங்கூரத்தோடு இணைத்திருப்பது முழுக்கச் சங்கிலியாக இருந்தால் அதைப் போல ஐந்து மடங்கு விடுவது நல்ல வழக்கம், 40 மீட்டர். பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு, 56 மீட்டர். சங்கிலி விறைத்து நிற்கும்போது நங்கூரத்திலிருந்து முன்னணியம் வரை ஏறக்குறைய 40 மீட்டர், அதன்மேல் படகின் நீளம் 10 மீட்டர். ஆரம் 50, குறுக்களவு 100 மீட்டர். ஒரே ஒரு சிறு படகுக்கு! கூட்டமான கழியில் இத்தனை இடம் யாருக்கும் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தச் சொல்லே தேவைப்படுகிறது. இடம் தாராளமாக இருந்தால் வட்டத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

வற்றிய நேரத்தில் வந்து சேர்ந்தவர், கண்ணுக்குத் தெரிந்த ஆழத்தை மட்டும் கணக்கில் வைத்து, 5 மீட்டருக்கு ஐந்து மடங்கு என்று 25 மீட்டர் விட்டிருப்பார். வட்டம் சிறிதாக, அடக்கமாகத்தான் இருக்கும். நள்ளிரவில் பெருக்கு வந்ததும் அதே சங்கிலி மூன்று மடங்கே ஆகிறது. நங்கூரத்தைக் கிடையாக இழுக்க வேண்டிய சங்கிலி மேல்நோக்கி இழுக்கத் தொடங்கும். வட்டத்தைச் சுருக்கினால் பிடிமானம் போகும், பிடிமானத்தைக் கூட்டினால் பக்கத்துப் படகில் போய் இடிக்கும். இந்த இழுபறிதான் அந்த அத்தியாயத்தின் உயிர் என்பேன்.

கழியின் அகலம் இன்னொரு ஏமாற்று. பெருக்கில் கரையிலிருந்து கரைவரை நீராகத் தெரியும். ஆனால் வட்டம் முழுவதும் நீர் வற்றும்போதும் ஆழம் இருக்கும் பகுதிக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலையில் பின்புறம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். உவா நாள்களை ஒட்டி, அதாவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்து, நீர் ஏறுவதும் அதிகம் இறங்குவதும் அதிகம். அப்போது இன்னும் கவனம் வேண்டும்.

சரி, இப்போது "வட்டம்" பற்றி. ஒடுங்கிய கழியில் நீரோட்டம் வலுவாக இருந்தால் படகு வட்டமெல்லாம் போடாது. ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பக்கம் பார்த்து நிற்கும், ஓதம் திரும்பியதும் மறுபக்கம் போய் நிற்கும். அதைப் பார்த்து நீள்வட்டம் என்று சொல்லக்கூட ஆசை வரலாம். வேண்டாம். நீரோட்டம் ஓய்ந்து நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில் எல்லாம் காற்றின் கையில். காற்று குறுக்கே அடித்தால் படகு கரைப்பக்கம் போகும். ஆகவே கணக்கு முழு வட்டத்துக்குத்தான். வட்டம் என்ற பாதியை மாற்ற வேண்டியதில்லை.

இதையும் சேர்த்துப் பாருங்கள்: பக்கத்துப் படகுகளும் நம்மோடு சேர்ந்தே திரும்பினால், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் மோதல் வராது. கூட்டமான இடங்களில் எல்லோரும் நம்பியிருப்பது இதைத்தான். இந்த நம்பிக்கை எங்கே உடைகிறது? நீருக்குள் ஆழமாக இறங்கிய அடிக்கட்டை உள்ள படகு நீரோட்டத்துக்குக் கட்டுப்படும். அடி தட்டையான மோட்டார் படகும் இரட்டையுடல் படகும் காற்றுக்குக் கட்டுப்படும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போகும் இரவில் இவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நகரும். நிரந்தர மிதவையில் கட்டிய படகோ குறுகிய கயிற்றில் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும். அதை நம்பிப் பக்கத்தில் நங்கூரமிடக் கூடாது. முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டு அசையாமல் நிற்பவர் தனக்குப் பத்திரம் என்று நினைத்துக்கொள்வார். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒற்றை நங்கூரத்தில் நகரும்போது அவர் நடுவில் நட்ட தூண்தான். யார் முதலில் வந்து நின்றாரோ அவருடைய வட்டத்துக்கு வழிவிட்டுப் பின்னால் வருபவர் இடம் பார்ப்பது பொது மரியாதை. ஆனால் முதலில் வந்தவரின் நங்கூரம் எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 1972ஆம் ஆண்டின் கடல்மோதல் தடுப்பு விதிகளில் 30ஆம் விதிப்படி அவர் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கு ஏற்றியிருப்பார். விளக்கு காட்டுவது படகை. நங்கூரமோ 40 மீட்டர் தள்ளி, இருட்டில், நீருக்கடியில்.

அதனால் என் பரிந்துரை உலாவட்டம். படகு விருப்பம்போல் உலவிவரும் எல்லை என்று பொருள். நீர்ச்சுழல் நினைவுக்கு வராது, ஊசலின் தாளமும் ஒட்டாது.

இதற்கு இணையாக இன்னொரு சொல்லையும் இப்போதே முடிவுசெய்துவிட வேண்டும். நங்கூரம் அதன் இடத்திலேயே இருக்கப் படகு மட்டும் நகர்ந்தால் அது உலா. நங்கூரமே தரையை விட்டு நகர்ந்தால்? இழுபடுதல், உழுதல் என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். பெயர்தல் போதும் என்பேன். வேர் பெயர்ந்தது, ஓடு பெயர்ந்தது என்று சொல்கிறோமே, அதேதான். இரவு இரண்டு மணிக்கு, படகு எல்லை தாண்டினால் எச்சரிக்கும் ஜிபிஎஸ் அலாரம் அடிக்கும்போது கேள்வி இது ஒன்றுதான்: உலாவா, பெயர்வா? உலா என்றால் திரும்பிப் படுக்கலாம். பெயர்வு என்றால் எஞ்சினை முடுக்க வேண்டும். "நங்கூரம் பெயருது!" என்று கத்த முடிகிறதா பாருங்கள். கத்த முடியாத சொல் படகில் செல்லாது. போகிறபோக்கில், அலாரத்தின் மையத்தை நங்கூரம் விழுந்த புள்ளியில் வைக்கச் சொல்லி எழுதுங்கள். சங்கிலி விட்டு முடித்த பிறகு படகு நிற்கும் இடத்தை மையமாக்கினால், ஓதம் திரும்பும்போதெல்லாம் வீணாக அடித்துக்கொண்டிருக்கும்.

———

பெயர்தலுக்கு என் வாக்கு. உலாவட்டத்துக்குத் தயக்கம். உலா என்றால் எனக்குச் சாமி புறப்பாடுதான் நினைவுக்கு வருகிறது, அதற்கு அடுத்து சுற்றுலாப் படகு. இரண்டிலும் எவரோ வேண்டுமென்றே போகிறார். இங்கே போவது படகின் விருப்பமல்லவே. "விருப்பம்போல்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது பொருந்தவில்லை. முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் வரை மேய்கிற வட்டம்தானே இது? மேய்வட்டம் என்றால் என்ன? கயிறு, முளை, எல்லை மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

———

விருப்பம்போல் என்று எழுதியது தளர்ச்சிதான், எடுத்துவிடலாம். ஆனால் உலாவுதல் என்றால் விருப்பம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. காற்று உலாவுகிறது, மேகம் உலாவுகிறது; யார் விருப்பம் அது?

மேய்வட்டம் அழகான சொல். ஒரு குறை உண்டு. மாடு முளையின் அருகிலும் மேயும், நடுவிலும் மேயும், வட்டத்தின் பரப்பு முழுவதும் அதற்கு வேண்டும். காற்றடிக்கும்போது படகு சங்கிலி விறைத்து வட்டத்தின் விளிம்பிலேயேதான் நிற்கும். அமைதியான இரவில், சங்கிலி தரையில் குவிந்து கிடக்கும்போதுதான் உள்ளே வரும். விளிம்புதான் ஆபத்து, மேய்ச்சல் என்றதும் மனம் உள்பரப்புக்குப் போய்விடுகிறது. மற்றபடி எனக்கும் பிடித்திருக்கிறது, விளக்கத்தில் ஓர் உவமையாக வைத்துக்கொள்ளலாம்.

———

நன்றி. கையேட்டில் இப்படிப் போட்டுவிடுகிறேன்: முதல்முறை வரும் இடத்தில் நங்கூர உலாவட்டம், அதன்பின் உலாவட்டம் மட்டும். சாமி புறப்பாடு நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை, சூழல் தெளிவாகத்தான் இருக்கிறது. நங்கூரம் நகர்வதற்குப் பெயர்தல். வெளியே விட்ட சங்கிலிக்கு விடுநீளம். ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று சொல்லும் ஸ்கோப்புக்கு விடுவிகிதம் என்று நானாகவே வைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். அதை எப்போதும் பெருக்கின் ஆழத்தோடு முன்னணியத்தின் உயரத்தையும் கூட்டிக் கணிக்க வேண்டும் என்று வரையறையிலேயே சேர்த்துவிட்டேன்.

அடுத்து ஸ்னப்பர். சங்கிலி வெடுக்கென்று இழுக்கும் விசையைத் தாங்க முன்னணியத்திலிருந்து கட்டும் இழுபடும் நைலான் கயிறு. அதிர்வுக்கயிறு, தாங்குகயிறு இரண்டும் கைவசம் இருக்கின்றன. இரண்டுமே எனக்குத் திருப்தியில்லை.