முதல் கார், 2012 சான்ட்ரோ: பராமரிப்பை எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (புதிய உரிமையாளர், திருச்சி)

வணக்கம். சென்ற மாதம் 2012ஆம் ஆண்டு மாடல் சான்ட்ரோ ஜிங் பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கினேன். எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். மீட்டரில் 74,000 கிலோமீட்டர் காட்டுகிறது. முன்பு வைத்திருந்தவரிடம் சர்வீஸ் பில் எதுவும் இல்லை. நேரத்துக்குச் செய்துவந்ததாக வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. வண்டியைக் காட்டிய பட்டறையில் கிளட்ச், சஸ்பென்ஷன், இன்ஜின் ஃப்ளஷ் என்று 41,000 ரூபாய்க்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். என் கையில் இருப்பது 15,000. ஓட்டும்போது எனக்குத் தெரிந்து குறை எதுவும் இல்லை. எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற மெக்கானிக், கோவை)

தம்பி, நீங்கள் எழுதிய பட்டியலில் டைமிங் பெல்ட்டைக் காணவில்லை. உங்கள் பணத்தில் முதல் செலவு அதற்குத்தான் போக வேண்டும். இந்த 1086 சிசி இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அது அறுந்தால் சில வால்வுகள் திறந்தபடியே நின்றுவிட, மேலேறும் பிஸ்டன் அவற்றை இடித்து வளைத்துவிடும். பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் வேலை முடியாது. அறுவதற்கு முன் பெரும்பாலும் எந்தச் சத்தமும் கொடுக்காது. கிலோமீட்டர் குறைவு என்று சமாதானம் கொள்ள வேண்டாம். ரப்பர் வயதாலும் கெடும், மீட்டரைத் திருப்பிவைக்கும் வித்தையும் நம் ஊரில் உண்டு. பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் ஃப்ளஷ், அதாவது மருந்து ஊற்றி உள்ளே கழுவுவது, வேண்டாம். பல ஆண்டுகளாகப் படிந்த கசடு ஒரேயடியாகக் கரைந்து வந்தால் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். இப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 2,000 கிலோமீட்டரில் மறுபடியும் ஒருமுறை மாற்றினால் அந்தச் சுத்தம் மெல்ல நடந்துவிடும். வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது இயல்பு. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலுக்குள் இறங்குகிறது என்று பொருள், வண்டியை எடுக்கவே கூடாது.

கிளட்ச்சை நீங்களே சோதிக்கலாம். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால்தான் அது தேய்ந்திருக்கிறது.

மறுமொழி (பழைய ஆல்ட்டோ உரிமையாளர், சென்னை)

ஐயா சொன்னதோடு டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் டயரின் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருந்ததால் நம்பி ஓட்டினேன். திண்டிவனம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது, ஸ்டெப்னியோ (உபரி டயர்) அதைவிடப் பழையது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3116 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்தது. காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கிளட்ச் சோதனையில் தேறிவிட்டது. நான்கு டயர்களும் 2021இல் செய்தவை, ஸ்டெப்னி மட்டும் 2012. ஆனால் இன்று காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது. கூலண்ட் ஊற்றினால் போதுமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற மெக்கானிக், கோவை)

போதாது. யாரோ போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், உள்ளே துரு ஏறும். பழைய நீரை முழுதும் இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும் அளவுக்கு இன்ஜினை ஓடவிட்டு, ஆறியபின் மறுபடி இறக்குங்கள். இறங்கும் நீர் தெளியும்வரை இதைச் செய்துவிட்டுக் கூலண்ட் நிரப்புங்கள். கலந்தே விற்கும் கூலண்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. காலையில் திறந்தது சரி. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடாதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும்.

வழியில் வெப்பமுள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓரங்கட்டுங்கள். வெயிலில் உங்களுக்கு வேர்க்கும். ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு ஹீட்டர் வழியாக வெளியேறும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஆகையால் பில் இல்லாத வண்டியில் அதையும் மாற்றிவிடுங்கள். பெல்ட், ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், ஸ்டெப்னிக்கு ஒரு டயர் ஆகியவற்றை முடித்துவிட்டு, சஸ்பென்ஷனில் எந்தப் பாகம் ஆடுகிறது என்று வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அதற்குப் பிறகு பணம் சேர்க்கலாம்.