சி மொழியில் டபுளைவிடத் துல்லியமான தசம எண் வகையான லாங் டபுளை அச்சிட்டுச் சோதித்த அனுபவம் உண்டா?

கடைசிபிட்:
ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. பூஜ்யம், இன்ஃபினிட்டி, 4933 இலக்கம் நீளும் உச்ச மதிப்பு, எல்லாம் பாஸ். அப்புறம் எக்ஸ்86 (இன்டெல் வகை ப்ராசசர்) லாங் டபுளின் 80 பிட்டில் ரேண்டமாக பைட்டுகளை நிரப்பி, எண்ணை எழுத்தாக பஃபரில் எழுதும் எஸ்பிரிண்ட்எஃப்பிடம் கொடுத்தேன். எக்ஸ்போனென்ட் (அடுக்கு) பூஜ்யமில்லை, ஆனால் 64 பிட் மாண்டிசாவின் (எண்ணின் இலக்கப் பகுதி) உச்சி பிட் 0, முறையான எண்ணில் வராத வடிவம். திரையில் எண்ணே வரவில்லை, ஸ்டாக் சிதைந்துவிட்டது என்று ஒரு வரி, ப்ராசஸ் காலி. பஃபரைத் தாராளமாகத்தான் கொடுத்திருந்தேன்! உடைந்தது லைப்ரரியின் உள்ளே.

மிதவை:
லினக்ஸின் சி லைப்ரரியான க்ளிப்சியில் 2.23-க்கு முந்தைய பதிப்புகளில் இருந்த ஓட்டை அது, பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2020-29573. ஆனால் அப்படி ஓர் எண்ணை எந்தக் கணக்கும் தராது, அதற்கெல்லாம் டெஸ்ட் எழுதுவது வெட்டி வேலை. எனக்கு விண்டோஸுக்கான கம்பைலர் மிங்டபிள்யூவில் வெறும் 1.0-வே குப்பையாக வந்தது. கம்பைலர் 80 பிட் அனுப்புகிறது, விண்டோஸின் சி லைப்ரரி எம்எஸ்விசிஆர்டி அதை 64 பிட் டபுளாகப் படிக்கிறது. இதுதான் தினசரி வருகிற பிரச்சினை.

ரவுண்டிங்ராணி:
மிதவை, இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. கணக்கு தராது, சரி. ஃபைலிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ அப்படியே மெம்காப்பி (நகல்) செய்த பைட்டுகள் தருமே? பாதுகாப்பு ஓட்டை என்று எண் கொடுத்ததே அதனால்தான். இன்ஃபினிட்டி, NaN (எண் அல்லாத மதிப்பு) ஆகியவற்றிலும் உச்சி பிட்டை 0 ஆக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

புதிதாக டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கு: ஹெக்ஸ் (16 அடிமான) வடிவத்தில் அச்சானதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். 1.0 என்பது ஒரு லைப்ரரியில் 1 பெருக்கல் 2-இன் 0 அடுக்கு என்று வரும், க்ளிப்சியில் 8 பெருக்கல் 2-இன் மைனஸ் 3 அடுக்கு என்று வரும், இரண்டுமே ஸ்டாண்டர்டுப்படி சரி. 21 இலக்கத்தில் அச்சிட்டு, எழுத்தை எண்ணாக்கும் strtold ஃபங்ஷனால் திரும்பப் படித்து மதிப்பை ஒப்பிடுங்கள். 64 பிட் லினக்ஸில் 16 பைட்டையும் மெம்கம்ப்பால் பைட் பைட்டாக ஒப்பிடாதீர்கள், 6 பைட் வெறும் பேடிங் (இடநிரப்பி). மெமரி பிழைகளைத் தேடும் வால்கிரைண்டில் ஓட்டினால் கணக்கு 64 பிட்டில்தான் நடக்கும், அங்கே ஃபெயில் ஆனால் லைப்ரரியைத் திட்டாதீர்கள்.

ஆர்ம்வாசி:
எங்கள் டீமில் லைப்ரரி மேல் பக் போட்டு ஒரு வாரம் சண்டை. 0.1-ஐ 20 இலக்கத்தில் அச்சிட்டால் கடைசியில் 555 வருகிறதாம். டெஸ்டைத் திறந்து பார்த்தால் 0.1-க்குப் பின்னால் லாங் டபுள் என்று சொல்லும் L எழுத்து இல்லை, டபுளாகச் சுருங்கிப் போய்த்தான் உள்ளே நுழைகிறது. L போட்டதும் 555 இருந்த இடத்தில் பூஜ்யங்கள். அந்த பக்கை மூடும்போதுகூட ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.